மாத்திரை இறங்க மறுக்கிறதா? எங்கே சிக்குகிறது என்று பார்ப்போம்

கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு ஆச்சி பிரஷர் மாத்திரை அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். பதினைந்தில் மூன்றுதான் குறைந்திருந்தது.

"தம்பி, இது தொண்டைக்குள்ள போகவே மாட்டேங்குது. வேற கம்பெனி குடுங்க."

மிளகை விடக் கொஞ்சம் பெரிய மாத்திரை, அவ்வளவுதான். காலை மாத்திரை இன்னும் போடவில்லை என்றார். "சரி ஆச்சி, இங்கேயே போடுங்க, பார்ப்போம்" என்றேன். தலையை நன்றாக அண்ணாந்தார். மாத்திரையைத் தொண்டைக் குழியைக் குறிபார்த்து எறிந்தார். டம்ளரை வாய்க்கு மேலே ஒரு சாண் தூக்கி ஊற்றினார். தண்ணீர் களக் களக்கென்று போனது. வாயை மூடித் திறந்தால் மாத்திரை நாக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாதி கரைந்து, கசந்து.

"பாத்தீங்களா?"

ஒரு காகிதக் கப்பில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, "இதுல வாய் வச்சுக் குடிங்க. மேல பாக்காதீங்க, என்னையப் பாருங்க" என்றேன். ஒரே மடக்கில் போய்விட்டது.

மருந்துக்கடையில் உட்கார்ந்து பல வருடம் பார்த்ததில், மாத்திரை இறங்கவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பங்கு இந்த ரகம்தான். மாத்திரையில் குறை இல்லை, தொண்டையிலும் இல்லை. குடிக்கிற விதத்தில் இருக்கிறது. மீதியுள்ளவற்றில் சில நிஜமாகவே கவனிக்க வேண்டியவை. அதனால் உங்கள் புகார் எதுவோ அதைத் தேடிப் படியுங்கள். ஒன்று மட்டும் முதலிலேயே: மாத்திரை என்றில்லாமல் வெறும் தண்ணீருக்கும் சோற்றுக்குமே அடிக்கடி புரையேறுகிறவர் என்றால், மற்ற எதையும் முயலாமல் நேராகப் 'புரையேறுகிறது' என்ற பகுதிக்குப் போங்கள்.

"தண்ணீர் போய்விடுகிறது, மாத்திரை நாக்கிலேயே நிற்கிறது"

ஆச்சியின் புகார். சப்பிக் குடிக்காதே, தூக்கிக் குடி என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். பொதுப் பானையிலும் அடுத்த வீட்டுச் செம்பிலும் அது நல்ல பழக்கம். மாத்திரைக்கு மட்டும் ஆகாது. விழுங்கும்போது உதடு மூடி, நாக்கு மேலண்ணத்தில் அழுந்தி, வாயில் இருப்பதைப் பின்னால் தள்ள வேண்டும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மேலிருந்து ஊற்றினால் நாக்குக்கு அந்த வேலையைச் செய்ய வழியில்லை. தண்ணீர் தானாக வழிந்து இறங்கிவிடும், மாத்திரையைத் தள்ள ஆள் இல்லை. தலையைப் பின்னால் சாய்த்தால் தொண்டைத் தசைகள் இழுபட்டு விறைக்கின்றன. மூச்சுக்குழாய்க்குள் தண்ணீர் போகும் வாய்ப்பும் கூடுகிறது.

செய்ய வேண்டியது இது. முதலில் மாத்திரை இல்லாமல் ஒரு மடக்கு குடித்து வாயை நனைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நாக்கின் நடுவில் வையுங்கள், தொண்டைக்குள் எறிய வேண்டாம். டம்ளரில் வாய் வைத்து, கன்னம் உப்பாத அளவுக்கு ஒரு நல்ல மடக்கு எடுங்கள். உதட்டை மூடி, நேரே பார்த்தபடி உடனே விழுங்குங்கள். யோசிக்க நேரம் கொடுத்தால் நாக்கு மாத்திரையைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு மீதித் தண்ணீரையும் குடித்து முடியுங்கள்.

இதற்கும் மசியாத மாத்திரைக்கு பாட்டில் முறை இருக்கிறது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். அழுத்தினால் நசுங்கக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டும், ரயிலில் வாங்குவது போல. அதை நிரப்பி, மாத்திரையை நாக்கில் வைத்து, பாட்டில் வாயைச் சுற்றி உதட்டை இறுக்கமாகப் பொருத்தி, காற்று புகாமல் உறிஞ்சிக் குடிக்க வேண்டும். பாட்டில் உள்ளே ஒடுங்கும். அந்த உறிஞ்சலோடு சேர்த்து விழுங்க வேண்டும். மாத்திரைகளை இப்படி விழுங்கியவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு முன்பை விட எளிதாக இருந்ததாம்.

எச்சில் என்று வீட்டில் முகம் சுளித்தால், அவருக்கென்று தனியாக ஒரு டம்ளரும் பாட்டிலும் வைத்துவிடுங்கள். ஆச்சி அப்படித்தான் செய்தார். அடியில் சிவப்பு நெயில்பாலிஷ் பொட்டு வைத்த டம்ளர்.

"கேப்சூல்தான் போக மாட்டேன் என்கிறது"

கேப்சூலின் குணம் வேறு. மாத்திரை தண்ணீரில் மூழ்கும். கேப்சூலுக்குள் பாதி காற்று, அதனால் மிதக்கும். நீங்கள் அண்ணாந்தால் அது மிதந்து முன்பல் பக்கம் வந்து நிற்கும், தண்ணீர் மட்டும் பின்னால் போகும். ஆகவே தலையை எதிர்த்திசையில் வையுங்கள். கேப்சூலை நாக்கில் வைத்து, ஒரு மடக்குத் தண்ணீர் எடுத்து, விழுங்காமல் வாயை மூடி, மோவாய் நெஞ்சைத் தொடுகிற மாதிரி குனியுங்கள். கேப்சூல் மிதந்து தொண்டைப் பக்கம் போய்விடும். குனிந்தபடியே விழுங்குங்கள். கேட்கும்போது கிறுக்குத்தனமாகத் தோன்றும். அதே ஹைடல்பெர்க் சோதனையில் இந்த முறை பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது முறை கைகொடுத்தது.

கேப்சூலின் உறை பெரும்பாலும் ஜெலட்டின். பாதி நனைந்தால் பசை மாதிரி மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். வாய் காய்ந்திருக்கும்போது போடாதீர்கள். சூடான காபியோடும் வேண்டாம், உறை இளகிவிடும்.

"வாயே வறண்டு கிடக்கிறது"

வயதானவர்களிடம் நிறையப் பார்க்கிறேன். பல சமயம் வறட்சிக்குக் காரணமே ஏற்கெனவே சாப்பிடும் இன்னொரு மாத்திரைதான். தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சளிக்குத் தரும் சில அலர்ஜி மாத்திரைகள், சிறுநீர் அவசரத்துக்குத் தருபவை எல்லாம் எச்சிலைக் குறைக்கும். மாத்திரைக்கு முன் இரண்டு மூன்று மடக்குத் தண்ணீர் குடியுங்கள். வறட்சி நாள்பூராவும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்ற வழி இருக்கும்.

"போன மாதிரி இருக்கிறது, ஆனால் நெஞ்சில் நிற்கிறது"

இரண்டு விஷயம் உண்டு. மாத்திரை இறங்கிய பிறகும் அது உரசிய இடத்தில் ஏதோ இருக்கிற மாதிரி உணர்வு கொஞ்ச நேரம் தங்கும். ஒரு டம்ளர் தண்ணீரும் இரண்டு வாய் வாழைப்பழமும் சாப்பிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இன்னொன்று நிஜமாகவே ஒட்டிக்கொள்வது. உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம், வழியில் இயல்பாகவே சில இடங்களில் குறுகியிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீரோடு முழுங்கிவிட்டு உடனே படுத்தால் மாத்திரை அங்கே தங்கி, கரைந்து, புண்ணாக்கும். இதில் பேர்போனது டாக்ஸிசைக்ளின். முகப்பருவுக்கும் காய்ச்சலுக்கும் வாங்கிப் போய், ராத்திரி தூங்கப் போகும்போது எச்சிலிலேயே முழுங்கிவிட்டு, மறுநாள் "நெஞ்சு எரியுது, சோறு இறங்கல" என்று வரும் இளைஞர்கள் உண்டு. இரும்புச்சத்து, பொட்டாசியம், வலி மாத்திரைகளும் இதைச் செய்யும். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை தரும் அலெண்ட்ரோனேட் இன்னும் கண்டிப்பானது: காலை வெறும் வயிற்றில், முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரம் சாப்பிடாமல், படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும்.

விழுங்கும்போது வலி நாள் கடந்தும் போகவில்லை, எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை, வாந்தியில் ரத்தம், மாத்திரை மட்டுமில்லாமல் இட்லியும் சோறும் நிற்கின்றன, எடை குறைகிறது: இவற்றில் எது இருந்தாலும் மாத்திரையை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தாதீர்கள். எண்டோஸ்கோப்பி (கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது) செய்யும் மருத்துவரிடம் போங்கள்.

"வாயில் வைத்ததுமே குமட்டுகிறது"

நாக்கின் பின்பகுதியைத் தொட்டால் குமட்டும். எறிகிறவர்களுக்கு அதனால்தான் குமட்டல் அதிகம். மாத்திரையை நாக்கின் முன்பாதியில் வையுங்கள். ஜில்லென்ற தண்ணீரில் வாயை நனைத்துவிட்டுப் போடுங்கள், கசப்பும் குறைவாகத் தெரியும். விழுங்குவதற்கு முன் மூக்கால் ஒரு மூச்சு நிதானமாக இழுத்து விடுங்கள். பயத்தில் தொண்டை இறுகிக்கொள்வதும் உண்மைதான், அது நடிப்பில்லை. வீட்டில் நான்கு பேர் சுற்றி நின்று "முழுங்கு, முழுங்கு" என்றால் யாருக்குத்தான் இறங்கும்?

"ரொம்பப் பெரிசு. உடைக்கலாமா, பொடிக்கலாமா?"

ஒரு நாளைக்குப் பத்து முறை இந்தக் கேள்வி வருகிறது. கேட்காமலே அம்மிக் குழவியில் வைத்து நுணுக்கிவிடுகிறவர்கள் அதைவிட அதிகம்.

சில மாத்திரைகள் மருந்தைப் பன்னிரண்டு மணி, இருபத்துநான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்படி செய்யப்பட்டவை. பெயரின் வாலில் எஸ்ஆர், எக்ஸ்ஆர், இஆர், சிஆர், எம்ஆர், எக்ஸ்எல், ரிடார்ட் என்று ஏதாவது ஒட்டியிருக்கும். அவற்றைப் பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே மூச்சில் ரத்தத்தில் ஏறும். நிஃபெடிபின் ரிடார்ட் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் பிரஷர் சடாரென்று இறங்கி ஆள் மயங்கிவிடலாம். ஓடி என்ற வால் மட்டும் கொஞ்சம் குழப்பும். டாக்டர் சீட்டில் ஓடி என்றால் தினம் ஒரு வேளை என்று பொருள். மாத்திரையின் பெயரோடு ஒட்டி வந்தால் பெரும்பாலும் மெதுவாக விடும் ரகம், கேட்காமல் கை வைக்காதீர்கள்.

சுகருக்குத் தரும் மெட்ஃபார்மின் எஸ்ஆர் சாப்பிடும் சிலர், "முழு மாத்திரையும் மலத்தில் அப்படியே வந்துடுது, மருந்து வேலையே செய்யல" என்று பதறுவார்கள். வருவது வெறும் கூடு. மருந்து உள்ளே இறங்கியாகிவிட்டது.

இரண்டாவது ரகம், வயிற்று அமிலத்தில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரையும்படி மேல்பூச்சு போட்டவை. அசிடிட்டிக்குத் தரும் பான்டோப்ரசோல், ராபிப்ரசோல் மாத்திரைகளைப் பொடித்தால் வயிற்று அமிலமே மருந்தை அழித்துவிடும், சாப்பிட்டும் சாப்பிடாத மாதிரிதான். இதயத்துக்குத் தினமும் போடும் ஈகோஸ்பிரினுக்கும் பூச்சு உண்டு. ஒமிப்ரசோல் கேப்சூலுக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள் இருக்கும். விழுங்க முடியாதவர்களுக்கு உறையைத் திறந்து அந்த உருண்டைகளைக் குழைவான உணவில் தூவி மெல்லாமல் விழுங்கச் சொல்வதுண்டு, ஆனால் நுணுக்கக் கூடாது. எந்த கேப்சூலைத் திறக்கலாம் என்பதைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் திறக்க முடியாது.

மூன்றாவது, பொடிப்பவருக்கே ஆபத்தானவை. மூட்டுவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் தரும் மெத்தோட்ரெக்ஸேட் அப்படி ஒன்று. கர்ப்பிணியாக இருக்கும் மருமகள் அதைப் பொடித்துக் கொடுக்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். நாலாவது, விழுங்கவே கூடாதவை: நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழே வைக்கும் சார்பிட்ரேட்.

நடுவில் கோடு கிழித்த சாதாரண மாத்திரையைப் பாதியாக உடைத்து, இரண்டு பாதியையும் ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கலாம். கோடு இருக்கிறது என்பதற்காகப் பொடிக்கலாம் என்று ஆகிவிடாது. பிரஷருக்குத் தரும் மெட்டோபுரோலால் சக்சினேட் நாள்பூராவும் மெதுவாக விடும் மாத்திரை, பலவற்றில் கோடும் இருக்கும். இரண்டாக உடைக்கலாம், மெல்லவோ நுணுக்கவோ கூடாது.

பொடிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, "இதற்கு வேறு வடிவம் இருக்கிறதா?" என்பது. இரும்புச்சத்து, பாராசிட்டமால், பல ஆன்டிபயாட்டிக்குகள் சிரப்பாகக் கிடைக்கும். மெட்ஃபார்மின் 1000-க்குப் பதில் 500 இரண்டு வாங்கலாம். பெயரில் டிடி என்று இருந்தால் அது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரை. எம்டி என்றால் நாக்கில் வைத்தாலே கரையும். இவற்றையும் முழுசாக முழுங்கித் திணறுகிறவர்களைப் பார்க்கும்போது, கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று எங்கள் தொழில்காரர்கள் மேலேயே கோபம் வருகிறது.

"வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்கிறோம், சரியா?"

பல மாத்திரைகளுக்குச் சரி. மெல்லாமல் விழுங்க வேண்டும், ஒரு கரண்டி அளவுக்குள் வைக்க வேண்டும். ஒரு கிண்ணம் தயிர்சாதத்தில் கலந்து பாதியில் "போதும்" என்று எழுந்துவிட்டால், எவ்வளவு மருந்து போனது என்று யாருக்குத் தெரியும்?

தைராய்டு மாத்திரைக்கு இது ஆகாது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீர், அப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம், இரும்பு மாத்திரைகள் அதற்கு நான்கு மணி நேரம் தள்ளி. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைப் பால், தயிரோடு சேர்த்தால் உடம்பில் ஏறுவது குறையும். அலெண்ட்ரோனேட்டுக்கு முன்னால் சொன்னதுதான், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது.

"புரையேறுகிறது"

எப்போதாவது என்றால் தலையில் தட்டி "யாரோ நினைக்கிறாங்க" என்று விட்டுவிடலாம். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமல், சாப்பிட்ட பிறகு குரல் கரகரவென்று ஈரமாக ஒலிப்பது, காரணமில்லாமல் திரும்பத் திரும்பச் சளிக்காய்ச்சல் என்று இருந்தால் யாரும் நினைக்கவில்லை, உணவும் நீரும் நுரையீரல் பக்கம் போகின்றன. பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் நோய் உள்ளவர்களிடம் இதைப் பார்க்கலாம். இவர்களுக்கு மேலே சொன்ன பாட்டில் முறை கூடவே கூடாது. தெளிந்த தண்ணீர்தான் இவர்களுக்குச் சிரமம், வேகமாக ஓடிவிடும். கஞ்சிப் பதத்தில் இருப்பது பலருக்கு நிதானமாக இறங்கும். ஆனால் எந்தப் பதம், எந்த நிலையில் உட்கார வேண்டும் என்பதை விழுங்கும் பயிற்சி தரும் பேச்சு சிகிச்சையாளர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ நரம்பியல் பிரிவிலோ கேளுங்கள், வழிகாட்டுவார்கள். அதுவரை படுக்கையில் சாய்ந்தபடியோ அரைத் தூக்கத்திலோ எதையும் வாயில் வைக்காதீர்கள். நேராக உட்காரவைத்து, ஒவ்வொன்றாக, முடிந்தபின் அரை மணி நேரம் உட்கார்ந்தபடியே.

மாத்திரை மூச்சுக்குழாயை அடைத்துவிட்டால்: பலமாக இருமுகிறார் என்றால் இருமவிடுங்கள். சத்தமே வரவில்லை, பேச முடியவில்லை, தொண்டையைப் பிடிக்கிறார் என்றால் முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வரவில்லையென்றால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டி வைத்து, ஐந்து முறை உள்ளேயும் மேலேயுமாக அழுத்துங்கள். மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கூட இருப்பவர் அதற்குள் 108-ஐ அழைக்கட்டும். கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் வயிற்றில் அழுத்தக் கூடாது, நெஞ்சில்தான்.

"கன்னத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, போட்டாச்சு என்கிறார்"

மறதி நோய் உள்ளவர்களிடம் இது ஏமாற்று வேலை இல்லை, வாயில் மாத்திரை இருப்பதே மறந்துவிடுகிறது. திட்டிப் பயனில்லை. பல்செட் இருந்தால் அதன் அடியிலும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்று, பிறகு ஒரு ஸ்பூன் கஞ்சி, பிறகு "ஆ காட்டுங்க".

"பிள்ளை துப்பிவிடுகிறான்"

மூக்கைப் பிடித்துப் பாலாடையில் ஊற்றுவதை நிறுத்துங்கள். அழுகிற பிள்ளை மூச்சு இழுக்கும்போது மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போகும்.

ஆறு வயதுக்கு மேல், அமைதியான ஒரு சாயங்காலம், உடம்பு சரியாக இருக்கும்போது பழக்குங்கள். ஈரமான ஜவ்வரிசி அளவில் தொடங்கி, அது நாலைந்து முறை எளிதாகப் போனபின் சீரக மிட்டாய், அப்புறம் பட்டன் மிட்டாய். உட்கார்ந்துதான், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான். அடுத்த அளவுக்குப் போய்த் திணறினால் முந்தின அளவுக்குத் திரும்புங்கள், ஒரே நாளில் முடிக்க வேண்டாம். பயிற்சிக்கு மிட்டாய் என்றாலும் மாத்திரையை மிட்டாய் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். நம்பிவிட்டால் அலமாரியில் ஏறித் தேடும்.

"முழுங்கினதிலிருந்து தொண்டையில் குத்துகிறது"

இதைக் கடைசியில் வைத்தாலும் இதில்தான் எனக்குப் பயம். அட்டையைக் கத்தரித்து ஒவ்வொரு வேளைக்கும் சதுரம் சதுரமாகப் பிரித்து வைப்பது பல வீடுகளில் வழக்கம். கண் மங்கிய பெரியவர் அந்தச் சதுரத்தைப் பிரிக்காமல் அப்படியே வாயில் போட்டுவிடுவதுண்டு. அதன் மூலைகள் பிளேடு மாதிரி, உணவுக்குழாயைக் கிழித்துவிடும். பழம், சோற்று உருண்டை என்று எதையும் கொடுத்துத் தள்ளப் பார்க்காதீர்கள், வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். உடனே மருத்துவமனை. காலியான அட்டைகளை எண்ணிக் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

எங்கள் கடையில் இரண்டு மாத்திரைதான் வேண்டும் என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் அட்டையை வெட்டுவதற்கு முன், "சாப்பிடப் போறது யாரு?" என்று கேட்டுவிடுகிறேன். வயதானவர் என்றால் பிரித்து, சிறு கவரில் போட்டு, மேலே மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுக்கிறேன்.